டீசல் டேங்க் வைக்க எப்போது லைசென்ஸ் வேண்டாம்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு ஜெனரேட்டர் வாங்கியவர்கள் நிறையப் பேர். ஜெனரேட்டர் வந்தால் டீசல் வரும். டீசல் வந்தால் பேரலோ டேங்கோ வரும். குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டில் பல வருடம் டீசல் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவன் என்பதால் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலும் வரும் முதல் கேள்வி, "எவ்வளவு வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம்?" என்பதுதான். பதில் ஒரே எண்ணாக இருந்தால் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படி இல்லை. அதனால் கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன். தரைக்கு மேல் வைக்கும் டேங்க், பேரல் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு.

இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், அதன் கீழ் வந்த 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் விதிகள். இரண்டும் மத்திய அரசினுடையவை. நடைமுறைப்படுத்துவது நாக்பூரில் தலைமையகம் உள்ள பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சுருக்கமாக 'பெசோ' என்பார்கள். வெடிபொருளுக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். ஆவியாகிக் காற்றோடு கலந்து வெடிக்கிற எதையும் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை.

பெட்ரோலியத்தை இறக்குமதி செய்யவோ, கொண்டுபோகவோ, சேமிக்கவோ உரிமம் வேண்டும் என்பது பொது விதி. அதிலிருந்து சில அளவுகளுக்கு விலக்கு தருகின்றன 1934 சட்டத்தின் 7 முதல் 11 வரையுள்ள பிரிவுகள். 12-ஆம் பிரிவு, அரசு அறிவிக்கை மூலம் தனியாக விலக்கு தரும் அதிகாரம். நமக்குத் தினசரி வேண்டியவை 7, 8, 9, 11.

ஏ, பி, சி வகுப்பு என்கிறார்களே, அது என்ன?

எல்லா விலக்குக்கும் அடிப்படை இதுதான். ஒரு எண்ணெயின் மேல் நிற்கிற ஆவி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு ஃப்ளாஷ் பாயிண்ட் என்று பெயர். அது 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏ வகுப்பு. 23-லிருந்து 65-க்குள் பி. 65-லிருந்து 93-க்குள் சி. பெட்ரோல், நாஃப்தா எல்லாம் ஏ. டீசலும் மண்ணெண்ணெயும் பி. ஃபர்னஸ் ஆயில், லைட் டீசல் ஆயில் சி. 93-க்கு மேல் போனால் கனரக எண்ணெய். என்ஜின் ஆயில், கியர் ஆயில், ரோடு போடுகிற தார் எல்லாம் அங்கே வரும்.

டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் குறைந்தபட்ச ஃப்ளாஷ் பாயிண்ட் 35 டிகிரி. இந்த 35 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

சரி, டீசல் எவ்வளவு வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம்?

7-ஆம் பிரிவின்படி, ஒரு இடத்தில் உங்கள் வசம் இருக்கிற பி வகுப்பு எண்ணெய் மொத்தம் 2,500 லிட்டரைத் தாண்டக் கூடாது. அதோடு, அதில் எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று சரியாக இருந்து மற்றது தவறினால் விலக்கு இல்லை.

ஜெனரேட்டர் கடைகளில் 990 லிட்டர் டேங்க் என்று விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் 1,000 இல்லாமல் 990 என்று யோசித்திருக்கலாம். காரணம் இந்த வரிதான். எல்லையைத் தொடாமல் பத்து லிட்டர் உள்ளே நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 990 லிட்டர் டேங்க் இரண்டு என்றால் 1,980. விலக்குக்குள் இருக்கிறீர்கள். மூன்று வைத்து மூன்றையும் நிரப்பினால் 2,970, வெளியே வந்துவிட்டீர்கள். பேரல் கணக்கில் இன்னும் நுணுக்கமாக ஒரு சிக்கல் இருக்கிறது. 200 லிட்டர் வீதம் 12 பேரல் 2,400. நம்ம ஆட்கள் 12 பேரல் என்றே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பேரலில் 210 லிட்டர் நிரப்பினால் அதே 12 பேரல் 2,520 ஆகிவிடும். அதனால் பேரல் எண்ணிக்கையை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் லிட்டரை எழுதி வையுங்கள். நான் ஸ்டோர் பார்த்த இடத்தில் சுவரில் ஒரு கரும்பலகை. டீசல் வரும்போதும் எடுக்கும்போதும் சுண்ணாம்புக்கட்டியால் மீதியைக் குறிப்போம். ஒரு நோட்டுப் புத்தகத்தைவிட அது நன்றாக உதவியது. ஏனென்றால் யார் உள்ளே வந்தாலும் கண்ணில் படும்.

என்னிடம் 2,000 லிட்டர் டேங்க் இருக்கிறது. 500 லிட்டர்தான் ஊற்றுகிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். மொத்த அளவைச் சட்டம் 'இருக்கும் எண்ணெய்' என்று எண்ணுகிறது. ஒற்றைப் பாத்திரத்தை 'கொள்ளளவு' என்று எண்ணுகிறது. 2,000 லிட்டர் கொள்ளும் டேங்கில் ஒரு குடம் டீசல் இருந்தாலும் அந்தப் பாத்திரம் 1,000-ஐத் தாண்டிய பாத்திரம்தான். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று பெரிய டேங்கை வாங்கி வந்து, 'பாதி மட்டும் நிரப்பிக்கொள்வோம்' என்று நினைப்பவர்கள் பணத்தையும் விலக்கையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

கம்பிக்கூட்டுக்குள் வரும் வெள்ளைச் சதுரப் பிளாஸ்டிக் தொட்டிகள், 1,000 லிட்டர் என்று பெயர் போட்டவை, நிறையப் புழங்குகின்றன. அவற்றில் பல, விளிம்பு வரை நிரப்பினால் 1,000-க்கு மேலேயே பிடிக்கும். பிளாஸ்டிக் என்பது தனிச் சங்கதி, அதற்குக் கீழே வருகிறேன்.

அண்ணன் பெயரில் 2,500, தம்பி பெயரில் 2,500 என்று ஒரே காம்பவுண்டில் வைக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் விடையையும் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். ஒரே மதிலுக்குள், ஒரே ஜெனரேட்டருக்கு, ஒரே ஆள் சாவி வைத்திருக்கும் டீசல் யார் வசம் இருக்கிறது என்று ஆய்வாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? தீ, பில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 5,000 லிட்டர் தேவை என்றால் உரிமத்துக்குப் போங்கள். நேர்வழிதான் மலிவு.

பெட்ரோல்?

பெட்ரோல் விஷயத்தில் சட்டம் மிகவும் கறாராக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை. அதையும் எதில் வைக்கலாம் என்று 8-ஆம் பிரிவே சொல்கிறது: இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரம். கண்ணாடியோ பீங்கானோ என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல், உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல். இந்த வரிசையில் பிளாஸ்டிக் கிடையாது. வீட்டுத் திண்ணையில் குடிநீர் பாட்டிலில் பெட்ரோல் வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். குழந்தை எடுத்துக் குடித்துவிடும் என்ற பயம் வேறு.

வண்டி அல்லது நிலையான என்ஜின் வைத்திருப்பவருக்கு 9-ஆம் பிரிவு கூடுதலாக ஒன்று தருகிறது. என்ஜினுக்கான பெட்ரோல் என்றால், அதன் டேங்கில் இருப்பது போக 100 லிட்டர் வரை வைக்கலாம். எத்தனை வண்டி, எத்தனை என்ஜின் இருந்தாலும் மொத்தம் 100 தான். வண்டிக்கு 100 இல்லை. 30 லிட்டரைத் தாண்டினால், ஆட்கள் குடியிருக்கும், வேலை செய்யும், கூடும் அறைகளோடு தொடர்பில்லாத தனி இடத்தில் வைக்க வேண்டும். ரப்பர் தோட்டங்களில் புல் வெட்டும் மெஷினுக்காகப் பெட்ரோல் வாங்கி, பால் உறைய வைக்கிற ஷெட்டின் மூலையில் வைப்பார்கள். ஆள் நின்று வேலை செய்கிற இடம் அது. தள்ளி ஒரு சின்ன அறை கட்டுங்கள்.

ஜெனரேட்டரோடு சேர்ந்தே வரும் டேங்க் இந்தக் கணக்கில் வருமா?

என்ஜினோடு இணைந்த எரிபொருள் டேங்கில் இருப்பதற்கு உரிமம் வேண்டாம் என்கிறது 9-ஆம் பிரிவு. ஜெனரேட்டரின் அடியிலேயே பொருத்தி வரும் டேங்க் அதற்குள் வரும். ஆனால் பத்தடி தள்ளி ஒரு தனி டேங்க் வைத்து, பைப் இழுத்து, 'இதுவும் இணைந்ததுதான்' என்று வாதிடுவதை நான் ஏற்க மாட்டேன். அதைச் சேமிப்பாகவே எண்ணிக்கொண்டு 2,500 கணக்கில் சேருங்கள். தவறினால் இழப்பு உங்களுக்குத்தான்.

எவ்வளவு டீசல் உண்மையில் தேவை என்றும் யோசியுங்கள். 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழு லோடில் மணிக்குச் சுமார் 25 லிட்டர் குடிக்கும். 990 லிட்டர் ஏறக்குறைய 40 மணி நேரம். 2,500 லிட்டர் நான்கு நாள், இரவும் பகலும் ஓட்டினால். ஒக்கி மாதிரி ஒரு வாரத்தை எண்ணி 5,000 லிட்டர் கேட்பவர்களிடம் நான் சொல்வது, லோடைக் குறையுங்கள், ஐஸ் பிளான்ட் என்றால் இரவில் மட்டும் ஓட்டுங்கள் என்பதுதான். பாதி பேருக்கு அதிலேயே தேவை தீர்ந்துவிடுகிறது.

விசைப்படகு, வள்ளம் இவற்றின் டேங்குக்கு?

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலுக்கு நாள்கணக்கில் போகும் போட்டுகளில் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல் கொண்டுபோகிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பா என்று ஒரு இளைஞர் கேட்டார். இல்லை. சட்டம் மோட்டார் வாகனம் என்று சொல்லும்போது தரையில் ஓடுவது மட்டுமில்லை, நீரிலும் வானிலும் போவதும் அடக்கம். போட்டோடு சேர்த்துக் கட்டிய எரிபொருள் டேங்கில் இருப்பதற்கு 9-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. பதிவு செய்ய வேண்டிய வாகனத்தை முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிவு இல்லாத போட்டுக்கு இந்த நிழல் இல்லை.

ஆனால் போட்டுக்கு வேண்டிய டீசலைக் கரையில் வீட்டு முற்றத்தில் பேரலில் இறக்கி வைத்தால், அந்த நிமிடமே அது கரைச் சேமிப்பு. 2,500, 1,000 என்ற இரண்டு எண்களும் வந்துவிடும்.

ஃபைபர் வள்ளக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் வெளி என்ஜின்களைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். அதனால் ஒரே வீட்டில் ஏ, பி இரண்டு வகுப்பும் இருக்கும், பெரும்பாலும் ஒரே மாதிரி கேனில். மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டாலும் அதன் ஃப்ளாஷ் பாயிண்ட் சட்டென்று கீழே இறங்கிவிடும். அப்புறம் அதை மண்ணெண்ணெய் என்று நம்பி விளக்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கேனுக்குச் சிவப்புப் பெயிண்ட் ஒன்று, நீலப் பெயிண்ட் ஒன்று அடியுங்கள். இருட்டிலும் தெரிய, பெட்ரோல் கேனின் கைப்பிடியில் கயிறு கட்டி வையுங்கள். விடியக்காலம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிற அவசரத்தில் கைதான் கண்.

ஃபர்னஸ் ஆயில், தார் இவற்றுக்கு?

ஃபர்னஸ் ஆயில் சி வகுப்பு. ஒரு இடத்தில் மொத்தம் 45,000 லிட்டர் வரை உரிமம் வேண்டாம். ஆனால் விதிகளின்படிதான் சேமிக்க வேண்டும் என்று அதே 7-ஆம் பிரிவு சொல்கிறது. நான்குவழிச் சாலை வேலைக்காக ஹாட் மிக்ஸ் பிளான்ட் போடுபவர்கள் கேட்கும் கேள்வி இது. அங்கே தாருக்கு இந்தச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது, 11-ஆம் பிரிவு கனரக எண்ணெயை விலக்கிவிடுகிறது. ஆனால் அதே பிளான்டில் நிற்கும் லோடர்களுக்கும் ஜெனரேட்டருக்கும் வைத்திருக்கும் டீசல், பி வகுப்பாகத் தனியே எண்ணப்படும். வொர்க்‌ஷாப்புகளில் சேரும் கழிவு ஆயில் வேறு பிரச்சினை. அதற்கு 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் உண்டு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

2,500 லிட்டர் வரை வைக்கலாம் என்றால், அதிலிருந்து சில்லறையாக விற்கலாமா?

கூடாது. சேமிக்க உரிமம் வேண்டாம் என்பது ஒரு சட்டம், விற்கலாமா என்பது வேறு சட்டம். பெட்ரோல், டீசல் விற்பனையை அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 2005-இல் வந்த ஆணை கட்டுப்படுத்துகிறது. மண்ணெண்ணெய்க்கு 1993-ஆம் ஆண்டின் ஆணை இருக்கிறது. மீனவர்களுக்கு அரசு சலுகையில் தரும் எண்ணெயை வேறு ஆளுக்கு மாற்றினால் அது தனிக் குற்றம், நியாயத்துக்கும் விரோதம்.

அமெரிக்காவில் 1,320 கேலன் வரை விலக்கு என்று மகன் அனுப்பியிருக்கிறான். அது இங்கே பொருந்துமா?

பொருந்தாது. அந்த எண் உண்மைதான். தரைக்கு மேல் மொத்தக் கொள்ளளவு 1,320 அமெரிக்க கேலனுக்குள் இருந்தால், எண்ணெய்ச் சிதறல் தடுப்புத் திட்டம் எழுத வேண்டியதில்லை என்று அந்த நாட்டு மத்திய விதி சொல்கிறது. அது நம் கணக்கில் 5,000 லிட்டருக்கு மூன்று லிட்டர் குறைவு. 55 கேலனுக்குக் கீழே உள்ள சின்னப் பாத்திரங்களை அவர்கள் எண்ணுவதே இல்லை. அந்த விதியின் கவலை ஆறு, ஏரிக்குள் எண்ணெய் போகக் கூடாது என்பது. நம் 1934 சட்டத்தின் கவலை தீ. நோக்கமே வேறாக இருப்பதால் எண்ணும் வேறு. அந்த எண்ணை வைத்து இங்கே டேங்க் வாங்கினால் விலக்கைப்போல் இரண்டு மடங்கு வந்து நிற்கும்.

ஆனால் அவர்களுடைய கவலையில் நமக்குப் பாடம் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு. டீசல் கிணற்றுக்குள் போவதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

உரிமம் வேண்டாம் என்றால், எப்படி வேண்டுமானாலும் வைக்கலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். விலக்கு என்பது உரிமத்திலிருந்து மட்டும். அளவு குறைவு என்பதால் காகித வேலையைக் குறைத்திருக்கிறார்கள். டீசலின் குணம் மாறவில்லை.

முதலில் வெயில். டீசலின் குறைந்தபட்ச ஃப்ளாஷ் பாயிண்ட் 35 என்றேன். சித்திரை வெயிலில் நண்பகலுக்கு, தகரக் கூரைக்குக் கீழே ஒரு இரும்புப் பேரலைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அப்போது உள்ளே இருக்கும் மண்ணெண்ணெயோ டீசலோ அந்த 35-ஐத் தாண்டியிருக்கலாம். 'டீசல்தானே, தீக்குச்சி போட்டாலும் பற்றாது' என்ற பேச்சு குளிர்ந்த டீசலுக்குத்தான். எனவே நிழல் வேண்டும், காற்று ஓட வேண்டும். தென்னை ஓலைக் கூரை வேண்டவே வேண்டாம். அது குளிர்ச்சிதான், ஆனால் அதுவே விறகு.

அடுத்து உப்புக்காற்று. கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் இரும்பு டேங்க், கிழக்கே உள்ள ஆரல்வாய்மொழியில் இருக்கும் டேங்கைப்போல் நீடிக்காது. துரு மேலே தெரிவது பரவாயில்லை, சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். அடிப்பகுதி தரையோடு ஒட்டி நிற்கும் இடத்தில் ஈரம் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். டேங்கை நேரே தரையில் உட்கார்த்தாதீர்கள். குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கும் அளவுக்கு உயரமான கான்கிரீட் கட்டையிலோ இரும்புக் காலிலோ வையுங்கள்.

எங்கள் ஸ்டோரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பேரல் அடியில் ஊசிமுனை ஓட்டை. தினம் சொட்டியது எவ்வளவு என்று யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் மணல் தரை அப்படியே குடித்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துப் பின்பக்கத்து வீட்டு அக்கா, கிணற்றுத் தண்ணீரில் வாசம் அடிக்கிறது என்று ஒரு குடத்தோடு வந்து நின்றார். குடத்தின் மேல் வானவில் மாதிரி ஒரு படலம். கிணற்றை இறைத்தோம், மறுபடி இறைத்தோம். அந்த வீட்டுக்கு வெகுநாள் வெளியிலிருந்து தண்ணீர் சுமந்து கொடுத்தோம். அந்த அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எங்களிடம் அன்று இருந்தது 2,000 லிட்டருக்கும் குறைவு. சட்டப்படி எல்லாம் விலக்குக்குள்.

அதற்குப் பிறகுதான் சிமெண்டுத் தரை போட்டு, சுற்றிலும் சுவர் எழுப்பினோம். பெரிய டேங்கில் இருப்பது முழுவதும் கொட்டினாலும் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும், கொஞ்சம் இடம் மிச்சமும் இருக்க வேண்டும். நம்ம ஊரில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சுவருக்குள் மழைநீர் நிறைந்து நின்றால் சுவர் இருந்தும் பயனில்லை. மேலே கூரை போடுங்கள். வடிகால் வைத்தால் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும், மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று. காலியான இரும்பு டேங்க் தண்ணீரில் மிதக்கும். 990 லிட்டர் டேங்க் முழுக முழுக ஏறக்குறைய ஒரு டன் தண்ணீரைத் தள்ளும். டேங்கின் எடை அதில் சின்னப் பங்குதான். மிதந்தால் பைப் முறியும், உள்ளே மிச்சம் இருப்பது எல்லாம் வெள்ளத்தோடு வயலுக்கும் குளத்துக்கும் போகும். பழையாற்று ஓரமோ, குழித்துறைப் பக்கமோ, ஏ.வி.எம். கால்வாய் ஓரமோ இருப்பவர்கள் டேங்கைக் கட்டைக்குப் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பிளாஸ்டிக் தொட்டியில் டீசல் வைக்கலாமா?

தண்ணீருக்கு விற்கும் கருப்புத் தொட்டியில் வேண்டாம். எண்ணெய் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகும். இரும்பு டேங்கை எர்த் செய்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக்கில் இறங்க வழியில்லை. வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும். பக்கத்தில் தீ வந்தால் உருகி முழுவதையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். விதிகளும், பெட்ரோலுக்கு ஒரு லிட்டருக்கு மேலும் டீசல், மண்ணெண்ணெய்க்கு ஐந்து லிட்டருக்கு மேலும் போகும் கொள்கலன், பெசோவின் தலைவரான தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டாளர் ஏற்ற வகையாக இருக்க வேண்டும் என்கின்றன. மீன் ஏற்றும் பழைய கேன் அந்த வகை இல்லை.

பெசோ விலக்கு இருந்தால் மற்ற அனுமதிகளும் தேவையில்லையா?

ஒன்று தந்த விலக்கு இன்னொன்றில் செல்லாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டுமானம் என்றால் அதன் அனுமதி தனி. தொழிற்கூடம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்புத் துறை, ஊராட்சியோ நகராட்சியோ கேட்பவை தனி. இன்சூரன்ஸ் பாலிசியில் டீசல் இருப்பைச் சொல்லியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

அளவு தாண்டுகிறது. உரிமத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் டேங்கை வாங்காதீர்கள். டேங்கை இறக்கி வைத்துவிட்டு அனுமதிக்கு ஓடுபவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். இடத்தின் வரைபடம், சுற்றிலும் என்ன இருக்கிறது, டேங்க் எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதெல்லாம் காட்டும் திட்டம் வேண்டும். விதிகள் கேட்கும் இடங்களில் மாவட்ட நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் வருவாய், காவல், தீயணைப்புத் துறைகளின் அறிக்கை கேட்பார்கள். பிறகு பெசோவுக்கு விண்ணப்பம். நமக்கான வட்ட அலுவலகம் சென்னையில். வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு கட்டி, சோதித்து, அதற்கு அப்புறம்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். கட்டும் விஷயம் தெரிந்த பொறியாளர் ஒருவரை ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டால் வரைபடம் திரும்பி வராது.

விபத்து நடந்துவிட்டால்?

முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், 101 அல்லது 112-க்கு அழையுங்கள். எரியும் டீசலில் தண்ணீரை வாரி அடிக்காதீர்கள். எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். நுரை, உலர் தூள், சின்னத் தீ என்றால் மணல். உயிரிழப்போ, பெரிய காயமோ, பெரிய சேதமோ ஏற்பட்டால் காவல் நிலையத்துக்கோ நீதித்துறை நடுவருக்கோ உடனே தெரிவிப்பதோடு, தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 27-ஆம் பிரிவு. உங்களிடம் உரிமம் இல்லை, விலக்குக்குள் இருக்கிறீர்கள் என்றாலும் இது பொருந்தும்.

காலி பேரலை வெட்டித் தண்ணீர்த் தொட்டி ஆக்கலாமா?

எண்ணெய் நிறைந்த பேரலைவிடக் காலிப் பேரல் ஆபத்தானது. நிறைந்ததில் காற்றுக்கு இடமில்லை. காலியில் மீந்த துளிகள் ஆவியாகி, காற்றோடு சரியான விகிதத்தில் கலந்து நிற்கும். அதன் மேல் கேஸ் கட்டரோ வெல்டிங் பொறியோ பட்டால் மூடி தெறிக்கும், பேரலே பறக்கும். வாசம் இல்லை என்பதும் சாட்சியில்லை. சூடு படும்போது தையலில் ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆவியாகும். கழுவி, நீராவி விட்டு, ஆவி இல்லை என்று கருவி வைத்துச் சோதித்த பிறகே சூட்டு வேலை செய்யலாம். அதற்கு வசதியில்லாத வீட்டு முற்றத்தில் பேரலை வெட்டவே வேண்டாம். டேங்கில் ஓட்டை என்று ஆள் கூப்பிட்டு, அவர் உள்ளே என்ன இருந்தது என்று கேட்காமலே வெல்டிங் ராடை எடுத்தால், அவருடைய கூலியைக் கொடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.